செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் அறை

எங்கள் அலுவலகத்துச் சேர்வர் அறைக்குள் போவதென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி போகக்கூடாது என்பதற்காக இல்லை. அந்தப் பெட்டிக்கு வெள்ளிக்கிழமை தோறும் பூசை நடக்கிறது, அதற்காக.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் தொடக்கத்தில் சிரித்தேன். முதலாளி ஞானசேகரம் ஐயா பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு தொண்டையோடு நின்றுவிட்டது. ஓர்ஸ் ஹில்லில் அலுவலகம், கீழே துறைமுகக் கரையில் ஐஸ் தொழிற்சாலை. ஆழ்கடலுக்குப் போகிற படகுகளுக்கு ஐஸ் கொடுப்பதுதான் எங்கள் தொழில். எந்தப் படகு எப்போது ஏற்றியது, யார் எத்தனை வருடம் வேலை செய்தார், யாருடைய ஓய்வுகாலச் சேமலாப நிதி எவ்வளவு கட்டப்பட்டது என்று எல்லாமே ஒரே மென்பொருளுக்குள் இருக்கின்றன. அது போய்விட்டால் இருபது வருடம் ஐஸ் சுமந்த மனிதர் தான் இங்கே வேலை செய்ததைக்கூட நிரூபிக்க ஏலாது. அந்த மென்பொருள் இருந்தது அந்தப் பெட்டியில். போன திங்கட்கிழமை காலை வரைக்கும் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் சிவாஜினி. இங்கே கணக்காளர். கம்பியூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நஸ்ரி. இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழும்பவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. கிண்ணியாவில் ஜனாஸாவுக்கு அலுவலகமே திரண்டு போனது. ஞானசேகரம் ஐயா முழங்கால் வலியோடு அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் நடந்தார். அதற்குப் பிறகு நஸ்ரியின் வேலையும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. எனக்குக் கணக்குத் தெரியும், கம்பியூட்டர் அரைகுறை. ஆனால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஒன்றை யார் கழற்றிப் பார்ப்பார்கள்?

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். மென்பொருளின் பழைய பதிப்பை இனிப் பராமரிக்க மாட்டோம் என்று அதை விற்ற கம்பனி சொல்லிவிட்டது. புதியதை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பதற்காகக் கொழும்பில் இருந்து கஜீபன் என்ற பொறியியலாளரை அனுப்பியிருந்தார்கள். நல்ல பெடியன், ஆனால் மூச்சுவிடாமல் பேசுவான். மூன்று வழி இருக்கிறது என்றான். ஒன்று, இப்போது இருக்கிற மாதிரியே சொந்தமாகச் சேர்வர் வாங்கி அலுவலகத்திலேயே வைப்பது. இரண்டு, பப்ளிக் கிளவுட்: சிங்கப்பூர் மாதிரி வெளிநாட்டில் பெரிய கம்பனிகள் வைத்திருக்கிற சேர்வர்களில் ஊரோடு சேர்ந்து நாங்களும் இடம் எடுப்பது. மூன்று, பிரைவேட் கிளவுட்: கொழும்பில் எங்களுக்கென்றே ஒரு சேர்வரை ஒதுக்கி அவர்களே பார்த்துக்கொள்வது. சொந்த வீடு, ஹோட்டலில் அறை எடுப்பது, முழு வீட்டை வாடகைக்கு எடுப்பது என்று நான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

நான் வாடகை வீட்டின் பக்கம் நின்றேன். புயலடித்த நேரம் ஊரே நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை நினைவுபடுத்தினேன். கஜீபன் சிங்கப்பூர்ப் பக்கம் இழுத்தான். ஞானசேகரம் ஐயா இரண்டு பேரையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

“தம்பி, நான் ஐஸ் விக்கிறவன். ஐஸைச் சிங்கப்பூரில வைச்சிட்டு, இங்க படகில மீனை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறதோ?”

பிறகு வழக்கமான கதை வந்தது. யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் அவருடைய தகப்பனார் காணி உறுதித் தாள்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கொழும்பில் ஒரு சினேகிதரிடம் கொடுத்து வைத்தாராம். சினேகிதரும் கிடைக்கவில்லை, உறுதியும் கிடைக்கவில்லை. எங்களுடையது எங்கள் கைக்குள் இருக்க வேண்டும் என்பது அவருக்கு அன்றைக்கே முடிந்த விசயம். நான் விடாமல், பெட்டி பழுதானால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

“அந்தப் பெட்டி எங்களை விட்டுப் போகாது பிள்ளை. அது எனக்குத் தெரியும்.”

பிடிவாதம் என்று நினைத்தேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சொந்தச் சேர்வர் என்று முடிவாகி, கஜீபன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனான். ஐயா கையோடு கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு சேர்வர் அறைக்குப் போனார்.

திங்கட்கிழமை காலையில் எந்தத் திரையிலும் மென்பொருள் திறக்கவில்லை. இணைக்க முடியவில்லை என்ற ஒரே வரி. கீழே தொழிற்சாலையில் இருந்து தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. கடதாசித் துண்டில் எழுதி ஐஸைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சேர்வர் அறைக்கு ஓடினேன். அந்த அவசரத்திலும் செருப்பைக் கழற்றினேன், பாருங்கள். பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் பச்சை லைட், மறுபடியும் காற்றாடி, திரையில் மறுபடியும் அதே வரி.

வயர் ஏதாவது கழன்றிருக்கும் என்று திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினேன். மூடியில் காய்ந்த குங்குமமும் சந்தனமும் வருடக்கணக்கில் படிந்து தோலாகக் கிடந்தன. மூடி கையோடு வந்தது. 

உள்ளே ஒன்றும் இல்லை. சேர்வரும் இல்லை, அதன் டிஸ்க்கும் இல்லை. ஒரு சின்னக் காற்றாடி, ஒரு பச்சை பல்ப், இரண்டுக்கும் மின்சாரம் போகிற ஒரு வயர். மிச்சமெல்லாம் வெறும் தகரம். கோயிலில் கருவறைத் திரையை விலக்கும்போது உள்ளே சிலை இல்லாவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது எனக்கு.  எங்கள் எல்லாருடைய வருடங்களும் அதற்குள் இருக்கின்றன என்றுதானே அந்த அறையைக் குளிரூட்டி, பூட்டி, பூப்போட்டு வைத்திருந்தோம்?

ஞானசேகரம் ஐயா வாசலில் வந்து நின்றார். பெட்டிக்குள் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். யாரோ களவெடுத்துவிட்டார்கள், பொலிஸுக்குச் சொல்வோம் என்றேன். அவர் உடனே, “பொலிஸ் வேண்டாம்” என்றார். எதற்காக வேண்டாம் என்று கேட்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

என் கம்பியூட்டருக்குத் திரும்பிப் போய், அந்த மென்பொருள் தன் சேர்வரை எந்த முகவரியில் தேடுகிறது என்று பார்த்தேன். அது எங்கள் அலுவலகத்து முகவரியே இல்லை. கஜீபனைத் தொலைபேசியில் பிடித்து அந்த இலக்கங்களை வாசித்தேன். அவன் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான்: அது சிங்கப்பூர். நீங்கள் பல காலமாகவே பப்ளிக் கிளவுட்டில்தான் இருக்கிறீர்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்டர்நெட் போகிற நேரமெல்லாம் எங்கள் மென்பொருளும் சேர்ந்து நிற்கும். பக்கத்து அறையில் இருக்கிற பெட்டிக்கு இன்டர்நெட் எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ரெண்டுக்கும் ஒரே வயர்தானே என்று நஸ்ரி சொல்வான், நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். படித்த கழுதை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கஜீபன் சொன்ன மிச்சம் இதைவிட மோசம். எங்கள் புத்தகத்தில் அப்படியொரு பில்லே இல்லை, அப்படியென்றால் அந்தக் கிளவுட் கணக்கு நஸ்ரியின் சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும். அவன் இறந்த பிறகு வங்கி அவனுடைய அட்டையை நிறுத்தியிருக்கும். கட்டணம் போகாததால் கணக்கை முடக்கியிருப்பார்கள். இப்படியே விட்டால் உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிடுவார்கள், பிறகு யாராலும் எடுக்க ஏலாது. எப்போது அழிப்பார்கள் என்பது கணக்குக்காரனின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். திறப்பதற்கான குறியீடும் அவனுடைய தொலைபேசிக்குத்தான் வரும். கணக்குக்காரனோ கிண்ணியாவில் மண்ணுக்குள் கிடக்கிறான்.

கிண்ணியாவில் நஸ்ரியின் வீட்டுக்குக் காரில் போகும்போது ஞானசேகரம் ஐயாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டார். என்னைக் கேட்காமல் இப்படிச் செய்வானா, ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று பாலம் கடந்து முடியும் வரைக்கும் முணுமுணுத்தார். எனக்கும் கோபம்தான். செத்த மனிசன்மேல் கோபப்படுவது பாவம் என்று தெரிந்தும் அடக்க ஏலாமல் இருந்தது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் அந்தப் பெட்டியைத் துணியால் பக்குவமாகத் துடைத்து வைப்பது நஸ்ரிதான். வெறும் தகரத்தை அவ்வளவு கவனமாகத் துடைத்து எங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறானே.

வீட்டுப் படலையில் நஸ்ரியின் மச்சாள் ஜெமீலா எங்களைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்தாள். நஸ்ரியின் மனைவி நஜ்முன் நிஸா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்து நான்கு மாதம் பத்து நாள் முடியும் வரைக்கும் வெளி ஆண்கள் அவளைப் பார்க்கக்கூடாது. ஐயாவுக்கும் அது தெரியும். அவர் வாசற்படி ஏறவில்லை. ஜெமீலா வெளியே ஒரு கதிரையைக் கொண்டுவந்து யன்னலோரம் முருங்கை நிழலில் போட்டாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

நஜ்முன் நிஸா வெள்ளை உடுப்பில், பாயில் இருந்தாள். நஸ்ரியின் தொலைபேசி பக்கத்திலேயே சார்ஜில் கிடந்தது. ஆராவது அவரைத் தேடி எடுப்பார்கள் என்று அணைக்கவில்லை என்றாள். நான் விசயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்காமல் அதைத் திறந்து என் கையில் தந்தாள். மின்னஞ்சலைப் பார்த்தேன். இங்கிலிஷில் எச்சரிக்கைக்கு மேல் எச்சரிக்கை வந்து குவிந்திருந்தது. கடைசி எச்சரிக்கை, நாளைக்கு எல்லாம் அழிக்கப்படும் என்றது. 

கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினேன். குறியீடு வந்தது. கணக்குத் திறந்தது. புதிதாக ஒரு வங்கி அட்டை கேட்டது. வெளியே ஓடிப்போய் ஐயாவிடம் அவருடைய அட்டையைக் கேட்டேன்.

“சிங்கப்பூருக்கோ?” என்றார்.

ஓம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துத் தந்தார். மூன்று நாளைக்கு முன் கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பேசிய மனிதர்.

அட்டையைக் கொடுத்த பிறகு, காத்திருக்கச் சொல்கிற வட்டம் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கும் வரைக்கும் நஜ்முன் நிஸா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். பிறகு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். வந்திட்டுது அக்கா, எல்லாம் இருக்குது என்றார்கள். நான் அந்தப் பாயில் விழுந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. புருசனைப் பறிகொடுத்தவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

தண்ணீரைக் குடித்ததும் பழைய கோபம் திரும்பி வந்தது. ஏன் இப்படிச் செய்தான், எங்களிடம் ஏன் மறைத்தான் என்று கேட்டேன். அவள் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். மூன்று வருடத்துக்கு முந்திய சரஸ்வதி பூசையில் நடந்தது அது. அந்த வருடம் கும்பத்தைச் சேர்வர் பெட்டிக்கு மேலேயே வைக்கச் சொன்னார் ஐயா. பெட்டிக்குள்தான் எங்கள் ஏடெல்லாம் இருக்கிறது, அம்பாள் அங்கேதான் இருக்க வேண்டும் என்றார். அது எனக்கும் நினைவிருக்கிறது. மேசையில் வைப்போமா என்று நஸ்ரி பணிவாகக் கேட்டதும், ஐயா கேட்காததும்கூட நினைவிருக்கிறது. பூசை முடிந்த பின்னேரம் கும்பத் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கி, பெட்டி செத்துப்போயிருக்கிறது. நஸ்ரியிடம் எல்லாவற்றுக்கும் பிரதி இருந்தது. விடிவதற்குள் அதை எடுத்துக் கிளவுட்டில் ஏற்றிவிட்டு, எரிந்துபோனவற்றைக் கழற்றி எறிந்து, ஒரு பல்பையும் காற்றாடியையும் பூட்டியிருக்கிறான்.

“அதச் சொல்லியிருக்கலாம்தானே?” என்றேன்.

“நானும் கேட்டனான் அக்கா. ‘உங்கட சாமித் தண்ணிதான் பெட்டியக் கெடுத்தது எண்டு ஒரு முஸ்லிம் வாயால எப்பிடிச் சொல்ற? இந்த ஊருல அது வேற கதையாப் போயிரும்’ எண்டாரு. பெரியவருக்கு மட்டும் தெரியப்படாது எண்டு எனக்கிட்டச் சத்தியம் வாங்கினவரு.”

 பத்து வருடம் ஒரே அறையில் இருந்து ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடித்தவன். நான் சிரித்திருப்பேன், ஐயா இரண்டு நாள் முகம் கறுத்துத் திரிந்திருப்பார், அவ்வளவுதான் என்று எனக்குப்பட்டது. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா? தமிழர், முஸ்லிம் என்று ஊர் கலங்கிக் கிடந்த காலமெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் காலங்களில் எங்கள் வீடுகளுக்குள் நாங்கள் பேசிய பேச்சும் நினைவுக்கு வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது ஐயா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். மென்பொருள் திரும்பிவிட்டது, ஒன்றும் அழியவில்லை என்றேன். தலையாட்டினார். ஆனால் கண் என் முகத்திலேயே நின்றது.

“பெட்டி ஏன் செத்ததாம்?”

நான் ஒரு வினாடி யோசித்தேன். அவனுடைய சத்தியத்தை நானும் காப்பாற்றிவிட்டுப் போகிறேன் என்று முடிவெடுத்தேன். பழசாகி உள்ளே கறள் பிடித்துப் பழுதாய்ப் போய்விட்டதாம் என்றேன்.

“பொய் சொல்லாதை, பிள்ளை. தண்ணி ஊத்தினது நான்.”

எனக்குக் கேட்டது சரிதானா என்று இருந்தது. அவர் மறுபடியும் கதிரையில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு கும்பத்தை இறக்கத் தனியாகப் போனாராம். தூக்கும்போது கை நழுவிவிட்டது. தண்ணீர் முழுவதும் பெட்டிக்குள் இறங்கி, டப் என்று ஒரு சத்தம், லைட் அணைந்துவிட்டது. நஸ்ரி சொன்னதையும் கேட்காமல் அங்கே வைத்தது அவர்தான். இத்தனை பேருடைய வாழ்க்கைக் கணக்கையும் ஒரு நொடியில் அழித்துவிட்டோம் என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விடியச் சாகப்போகிறவன் மாதிரி அலுவலகத்துக்கு வந்தார்.

“வந்து பாத்தா லைட் எரியுது. எல்லாரும் வழமை போல வேலை செய்யிறீங்கள். அம்பாள்தான் என்னைக் காப்பாத்தினவள் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் நான் ஒரு வெள்ளியும் பூசையை விடேல்ல.”

எங்களை விட்டுப் போகாது, எனக்குத் தெரியும் என்று அவர் கூட்டத்தில் சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் மூன்று வருடமாகக் கும்பிட்டு வந்தது நஸ்ரி பூட்டிய பல்பை. அது அவருக்கும் அன்றைக்குக் காலையில்தான் விளங்கியிருக்க வேண்டும். முகத்தில் இரத்தமே இல்லை. 

“ஐயா.”

யன்னல் திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. நஜ்முன் நிஸா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“ஐயா, நீங்க அந்த அறைக்குள்ள இருந்து அழுதத அவரு கண்டவரு. சார்ஜர மறந்துட்டு எடுக்கத் திரும்பி வந்தவராம். அவரக் கூப்பிடாமப் போயிட்டன் எண்டு வீட்டுக்கு வந்து எனக்கிட்டச் சொல்லி அழுதாரு. விடியக் கால நீங்க வாறதுக்குள்ள அந்த லைட்ட எரிய வைக்கோணும் எண்டுதான் இரா முழுக்கத் தூங்காம வேல செஞ்சவரு.”

முருங்கையில் ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது. திரை அசையவில்லை. ஞானசேகரம் ஐயா கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழும்பினார். நிழலை விட்டு வெளியே வந்து, அந்த யன்னலைப் பார்த்தபடி இரண்டு கால் செருப்பையும் கழற்றினார். நடுப்பகல் மணல், கால் வைக்க ஏலாத சூடு. 

என் தொலைபேசி அடித்தது. கஜீபன். புதிய சேர்வருக்கு இன்றைக்கே ஓடர் கொடுக்கட்டுமா, இல்லாவிட்டால் முடிவு மாறிவிட்டதா என்று கேட்டான். நான் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு ஐயாவிடம் கேட்டேன். அவர் திரும்பவில்லை.

“ஒண்டும் வாங்க வேண்டாம் எண்டு சொல்லு. நஸ்ரி வைச்ச இடத்திலேயே இருக்கட்டும்.”